ராணி கீறிய தீவு

ஆவணி, வெள்ளி இரவு.

என் மனைவி ராணிக்குக் கனடாவில் இருக்கும் அண்ணன் எங்கள் இருவரையும் பார்படோஸ் தீவுக்கு ஓய்வெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார். அவர் தொலைபேசியில் சொன்னதை வைத்து ராணி கடற்கரை, ஹோட்டல், படகுத்துறை எல்லாம் கடதாசியில் கீறி அம்புக்குறியும் போட்டாள். கந்தோரில் கூட வேலை செய்பவர்களுக்குக் காட்டும் ஆசையில் அதைப் பையில் கொண்டுபோனேன். மடையன். துறைமுக வீதிச் சோதனைச்சாவடியில் சிப்பாய் விரித்துப் பார்த்தான்.

“இது எந்த ஹாபர்?”

“இஞ்ச இல்லை சேர். வெளிநாடு. லீவுக்குப் போற இடம்.”

அவன் சிரிக்கவில்லை. படத்தையும் என் அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டான்.

“நாளைக்கு ஆமிக் காம்புக்குத் தனியா வா.”

ராணிக்கு இன்னும் சொல்லவில்லை. பயணப்பெட்டி அடுக்குகிறாள்.

“நான் தைச்ச நீலச் சட்டையையும் வைக்கட்டே?”

வேண்டாம் என்றேன். நாளைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன். என்னை எங்கே, எப்படிக் கிடக்கக் கண்டாலும் அவளுக்கு அது தெரியும்.