இடது காலின் தாமதம்

இன்று காலை, காஞ்சிபுரத்தில் நான் வேலை செய்யும் கிளினிக்கில், ஒரு பெண்ணின் பின்தொடையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய். "சில்லுனு இருக்குதுடி" என்று அன்றைக்கு நீ காலை இழுத்துக்கொண்டு சொன்னது அப்படியே கேட்டது.

பிசியோதெரபி மேல்படிப்புக்காக நான் ஆய்வு செய்துகொண்டிருந்த வருடம் அது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆசைக்கு விளையாடுகிற ஆண்கள், பெண்கள். முழங்கால் திடீரென்று நிலை தவறினால் அவர்களுடைய பின்தொடைத் தசை எவ்வளவு வேகமாக விழித்துக்கொள்கிறது என்று அளக்க வேண்டும். ஆண்கள் கூப்பிட்டதும் வந்தார்கள். பெண்கள்தான் கிடைக்கவில்லை. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உன்னிடம் வந்து புலம்பினேன். பட்டுக்கடையில் வாரம் முழுக்க நின்று புடவை பிரித்துக் காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாலிபால் ஆடுகிறவள் நீ. முசரவாக்கம் வரை போய் உன் டீம் பெண்களின் அம்மாக்களிடம் பேசினாய். "ரூம்ல இவ மட்டும்தாம்மா இருப்பா. ஆம்பளை யாரும் வரமாட்டாங்க. நானே கூட உட்கார்ந்துக்கினு இருப்பேன்." எட்டுப் பேரைக் கூட்டி வந்தாய். முதல் ஆளாக, அளக்கும் மேடையில் நீயே ஏறி நின்றாய்.

தசை விழிப்பதைக் கண்டுபிடிக்கத் தொடையில் ஒட்டிய வில்லைகளிலிருந்து கம்பிகள் மெஷினுக்கு ஓடும். கெண்டைக்காலில் பின்னாலிருந்து ஒரு தட்டு. எப்போது விழும் என்று சொல்லமாட்டேன். உன் வலது கால் சட்டென்று பதில் சொன்னது. இடது கால் தாமதித்தது. மறுபடி தட்டினேன். ஒவ்வொரு முறையும் அதே தாமதம்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது? என் காலு எப்படி இருக்குது?"

"எல்லாரையும் அளந்து முடிக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

ஆய்வின் விதி அப்படித்தான். பாதியில் சொன்னால் ஆட்டம் மாறும், அளவும் கெடும். ஆனால் நீ என் தோழி. பஸ்ஸில் போகும்போது காதோடு சொல்லியிருக்கலாம். அந்தத் தசைக்கு என்ன பயிற்சி என்று எனக்குத் தெரியும். படிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

உன்னை அளந்த மூன்றாவது ஞாயிறு வாலாஜாபாத்தில் மேட்ச். எழும்பிப் பந்தை அடித்துவிட்டு இடது காலில் இறங்கினாய். முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள், நான் உரித்துக் கொடுத்த மாதுளையைத் தின்றுகொண்டே, "அடுத்த வருஷம் ஆடுவேனா?" என்று கேட்டாய். ஆடுவாய் என்றேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்தவள், மூச்சு வாங்குது என்று சொல்லி உட்கார்ந்தாயாம். ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருந்தது.

அந்தத் தாமதம்தான் உன்னை விழவைத்தது என்று சொல்ல என் படிப்பில் இடமில்லை. இல்லை என்று சொல்லவும் இடமில்லை. எனக்குப் பட்டம் வந்தது. என் ஆய்வேட்டில் பெண்களின் சராசரி என்ற ஒரு கட்டத்துக்குள் நீ கரைந்துபோனாய். உன் டீமும் கலைந்தது. வீடுகளில் யாரையும் ஆட விடவில்லை. இப்போதெல்லாம் அளந்த உடனே சொல்லிவிடுகிறேன். கேட்டுத் தலையாட்டிவிட்டு அப்படியே ஆடப் போகிறார்கள். சொல்லியிருந்தால் நீயும் அப்படித்தான் போயிருப்பாயோ என்னவோ.

உன் காரியம் முடிந்த பிறகு உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த மெஷின்ல பார்த்தியே, அப்பவே அவ காலுல ஏதாச்சும் குறை இருந்துச்சா?"

"இல்லம்மா. நல்லா இருந்துச்சு."

அதை அவர் பிடித்துக்கொண்டார். கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடம்கூட இன்றைக்கும் சொல்கிறார்: "எம் பொண்ணு காலுல ஒரு குறையும் இல்லையாம். அளந்து பார்த்த பொண்ணே சொல்லிச்சு." பக்கத்தில் நான் இருந்தால் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.