கோமதி மொழிபெயர்த்த கூட்டம்

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. நியூ டவுனிலிருந்து பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பள்ளி வாசலில் கணுக்கால் தண்ணீர். புதுச் செருப்பு போச்சு.

பதினொன்றாம் வகுப்பு, மனநிலை அட்டை. வெயில், மேகம், மழை என்று மூன்று ஸ்டிக்கர். வந்ததும் ஆளுக்கொன்று ஒட்ட வேண்டும். இன்று வகுப்பு முழுக்க மழை. என்ன ஆச்சு என்று பதறிக் கேட்டால், "ஜன்னல்ல பாருங்க பாசந்தி-தி" என்கிறார்கள். ஆபீஸுக்கு இதை எப்படி அறிக்கை எழுத? கோமதி மட்டும் வெயில். அவள் என்றைக்கும் வெயில்தான்.

வசந்தி இந்த ஊரில் பாசந்தி-தி, அதாவது பாசந்தி அக்கா, ஆகி எத்தனையோ காலம். வீட்டுக்காரரின் குடும்பப் பெயரும் சேர்ந்துகொண்டதில் பள்ளியில் எல்லோருக்கும் நான் பெங்காலிதான். திருத்துவதில்லை, சோம்பல். தமிழ் என்பது ஃபோனில் அம்மாவோடு மட்டும்.

மதியம் பெற்றோர் சந்திப்பு. எங்கள் நலவாழ்வு ப்ரோகிராமின் விதி: பிள்ளையே பக்கத்தில் உட்கார்ந்து வீட்டாருக்கு விளக்க வேண்டும், நாங்கள் குறுக்கே பேசக் கூடாது. பொறுப்பாளர் சோம்நாத்-தா (அண்ணா) பேச, நான் குறிப்பெடுக்க.

கோமதியின் அம்மா வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். லேக் மார்க்கெட் சந்தில் வீடு, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பனை. அப்பாவுக்குக் கடை. அம்மாவுக்குப் பெங்காலி வராது, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கோ. முன்பே சொல்லியிருந்தாள். உட்கார்ந்ததும் கரண்ட் போச்சு. நோட்டால் விசிறிக்கொண்டோம். கரண்ட் திரும்பி வந்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டுப் பேனாவைத் தேடினேன்.

சோ.தா. பெங்காலியில் சொன்னது: உங்கள் பெண்ணின் கை அபாரம். கருவி வகுப்பில் டேபிள் ஃபேனைக் கழற்றி மாட்டியவர்களில் ஸ்க்ரூ மிச்சம் வைக்காதவள் இவள் ஒருத்திதான். துர்காபூர் பக்கம் மெக்கானிகல் டிப்ளமோ, ஹாஸ்டலோடு. எங்கள் ப்ரோகிராமே பார்த்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொல்ல வேண்டும்.

கோமதி தமிழில் சொன்னது: "நல்லா படிக்கேனாம்மா. காமர்ஸே படிச்சா கடைக்கு உதவுமாம். ஹாஸ்டல் கோர்ஸ் ஒண்ணு இருக்காம், அது பையன்களுக்குத்தானாம்."

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மகளை. "சரிட்டி" என்றாள்.

கோ. சோ.தா.விடம் பெங்காலியில்: "அம்மாவுக்குச் சம்மதமில்லை."

பேனா நின்றுவிட்டது. வாயைத் திறக்கவில்லை. விதி.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டது, புழுக்கம். இரவெல்லாம் ஃபேன் போட்டும் தலையணை ஈரம்.

வாங்க வேண்டியது: செருப்பு, ஸ்டிக்கர் (வெயில் நிறைய), கடுகு.

பொய்யென்றால் ஹாஸ்டலுக்குப் போகத்தான் பிள்ளைகள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். போகாமல் இருக்க இவ்வளவு அழகாக ஒருத்தி சொல்லிக் கேட்டதில்லை. கண் சிமிட்டவில்லை. இரண்டு மொழியிலும் தங்குதடை இல்லை.

சோ.தா.விடம் பேச்சோடு பேச்சாக, பிள்ளை மாற்றிச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டேன். "பிள்ளை சொன்னதுதான் பதிவு. நாம என்ன போலீஸா?" டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டே சொன்னார். நனைந்த பாதி உள்ளே விழுந்தது. அதைப் பற்றித்தான் அதிகம் வருந்தினார்.

ஜூலை 9, புதன்

மேகம். கருவி வகுப்பு. கோ. பழைய மிக்ஸி ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தாள். மற்றவர்கள் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேட்டேன்.

"டேபிள் ஃபேன் கதையை அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்து உருண்டது. ரொம்ப நேரம் என் வாயையே பார்த்தாள். வளையல், பொட்டு, எல்லாவற்றையும் புதிதாகச் சரிபார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"நீங்க... தமிழா?"

"ஆமா."

"பாபா ரே." பிறகு, சன்னமாக, "அம்மாட்ட சொல்லிராதீங்க மிஸ்."

போக ஆசை இல்லையா என்றேன். மிக்ஸியைப் பார்த்துக்கொண்டே, "ஆசை இல்லாமயா" என்றாள். வீட்டு கிரைண்டருக்கு பெல்ட் மாற்றுவது அவள்தான். ஒரு மெஷின் ஓடாமல் நின்றால் தூக்கம் வராதாம்.

"அப்புறம் என்ன?"

"அம்மாவுக்கு சுகர். கண் டாக்டர் வேற. நான்தான் கூடப்போய்ப் பேசணும், கேட்டுச் சொல்லணும். அப்பா கடையில விலை சொல்லுத அளவுக்குத்தான் பெங்காலி. ஹாஸ்பத்திரிக்கு வந்தா வாயே தொறக்க மாட்டாங்க. நான் துர்காபூர் போயிட்டா அம்மா அங்க போய் ஊமை மாதிரி நிக்கணுமா?"

நான் சொல்ல மாட்டேன், ஆனால் வெள்ளிக்கிழமை அம்மாவை மறுபடி கூப்பிடுகிறேன், நீயே சரியாகச் சொல் என்றேன். தலையாட்டினாள். சரி என்றா இல்லை என்றா என்று புரியாத, இந்த ஊர்த் தலையாட்டல்.

மிக்ஸி ஓடியது.

ஜூலை 10, வியாழன்

தலைவலி. அறிக்கை. 'நலவாழ்வு' என்ற சொல் ஒரே பக்கத்தில் எத்தனை தடவை! படிக்கிறவருக்கு இருக்கிற நலமும் போய்விடும்.

ஹில்சா மீன் வாங்கவா என்று வீட்டுக்காரர் ஃபோன். வாங்குங்கள். முள் எடுத்துத் தர ஆள் இருந்தால் நானும் சாப்பிடுகிறேன்.

என் அம்மாவோடு பேசினேன். இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால், உனக்கெதுக்கு ஊர் வம்பு என்பாள். அப்படிச் சொல்லக் கேட்டால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். கோ. வெயில் ஸ்டிக்கர். கோணலாக.

அதே அறை, அதே மூன்று நாற்காலி, நான் ஓரத்தில். சோ.தா. மறுபடி முதலிலிருந்து சொன்னார், கை, டேபிள் ஃபேன், துர்காபூர், இன்றே கடைசி நாள். சொல்லி முடித்து கோமதியைப் பார்த்தார். கோ. மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்க தமிழ்தான?"

ஆமாம் என்றேன். கோமதிதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை.

"அன்னைக்குக் கரண்டு வந்ததும் அப்பாடான்னீங்க. பெங்காலிக்காரவுக அப்பாடாம்பாகளா?"

சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"சார் சொன்னது அன்னைக்கே வெளங்கிச்சு. கல்யாணம் ஆனதுலேருந்து இந்த ஊர்ல கெடக்கேன். பேச வாய் வராது, காதுமா செவிடு? இவ மாத்திச் சொன்னா. ஹாஸ்டலுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லுதாளோன்னு ஒரு நெனப்பு. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீக. படிச்சவுக, நம்ம பக்கத்து ஆளு, அவுகளே ஒண்ணும் சொல்லலையே, அப்ப இதுதான் புள்ளைக்குச் சரிபோலன்னு விட்டுட்டேன்."

குறுக்கே பேசாமல் இருப்பது நடுநிலை என்றுதான் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். இந்த அம்மா அதை என் அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இப்போதும்.

"பயமில்லம்மா அவளுக்கு. போகணும்னுதான் ஆசை" என்றேன். விதி எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

அம்மா மகளைக் கேட்டாள். "நெசமாட்டி?"

கோ. அழ ஆரம்பித்தாள். "ஹாஸ்பத்திரிக்கு யாரு வருவா?"

"நான் போய்ப் பேசுதேன். தப்பாப் பேசினா டாக்டர் சிரிப்பாரு. சிரிச்சிட்டுப் போறாரு."

"இத்தன நாள் பேசினா என்ன?"

"நீ பேசுததக் கேக்க நல்லா இருந்துச்சு. பேச விட்டேன்."

ஒன்றும் புரியாமல் பேனாவோடு காத்திருந்த சோ.தா.விடம் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "ஜாபே. ஆமார் மேயே ஜாபே." போவாள், என் பெண் போவாள். அச்சு அசல் சங்கரன்கோவில் பெங்காலி. சோ.தா. எழுந்தே நின்றுவிட்டார்.

சாயங்காலம் பெயர் அனுப்பியாச்சு. புதுச் செருப்பு கடிக்கிறது.

ஜூலை 12, சனி

அரை நாள். தூறல். அட்டையில் கோ. பெயருக்கு நேரே காலி. எதுவும் ஒட்டவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். வாளி, பூட்டு, கொசுவலை. கேட்டுக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் தாண்டிப் போகும்போதும் தமிழிலேயே பேசினாள், முதல் தடவையாக.

"அம்மாவுக்கு எல்லாமே வெளங்குமா மிஸ்?"

"வெளங்கும்னுதான் சொன்னாங்களே."

"போன மாசம் கண் டாக்டர் சொன்னாரு. ஒரு கண்ணு போயிரலாம், இன்னொண்ணக் காப்பாத்தப் பாக்கலாம்னு. நான் அம்மாட்ட, ஒண்ணுமில்லம்மா, சொட்டு மருந்து விட்டா சரியாயிரும்னு சொல்லிட்டேன். அம்மாவும் சிரிச்சிச்சு. வர்ற வழியில எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்துச்சு."

கீழே மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அதுவும் கேட்டிருக்கும்ல?"

கேட்டிருக்கும் என்றேன்.