செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள்

ஜெயமங்கலம்,
ஆவணி 9.

பிரியமுள்ள ஜான்சி,

ராஜமணி எழுதுகிறேன். பெர்த்தில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். காதில் புது மிஷின் வைத்தும் போன் பேச்சு உனக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. போன வாரம் நான் கத்தியது எதிர்வீடு வரைக்கும் கேட்டது, உனக்குத்தான் கேட்கவில்லை. அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன். உனக்குக் கண்ணாவது நன்றாக இருக்கிறதே.

என் வீட்டுக்காரர் போய் ஏழு மாதம் ஆகிறது. மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையைப் பூட்டியே வைத்திருக்கிறேன். சேதி தெரியாதவர்கள் இன்னும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணன் எங்க போயிருக்காக என்று கேட்கிறார்கள். முதலில் எல்லாம் விவரமாகச் சொன்னேன். இப்போது, வேற இடம் பாருங்க என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

பங்குனியில் இருந்து செவ்வாய்தோறும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பெரியகுளத்தில் புதிதாக ஆரம்பித்த ஒரு ஜெபக் குழுவாம். பூமாரி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கூட வருகிற ஆளை அவள் பிரதர் என்பாள், நானும் அப்படியே கூப்பிட்டேன். துக்க வீடு என்று கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல வந்ததாகச் சொன்னார்கள். உட்கார வைத்து காபி கொடுத்தேன். பதினாறாம் நாளோடு சொந்தக்காரர்கள் எல்லாம் போய்விட்ட வீடு, ஜான்சி. பிள்ளை குட்டியும் இல்லை. யாராவது வந்து உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

பூமாரி தன் கதையைச் சொன்னாள். புருஷன் குடித்துவிட்டு அவள் கையை ஒடித்திருக்கிறான். இந்தக் கூட்டத்துக்குப் போன பிறகுதான் குடியை விட்டானாம். அவள் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது அழுதாள், நானும் அழுதேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, சாமி படங்களை எடுத்துவிடுங்கள் என்று ஆரம்பித்தார்கள். நான் பேச்சை மாற்றுவேன். அவர்கள் விடாமல் அதற்கே திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வேன் அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன், கேட்காமல் வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

ஆனி மாதம் ஒரு நாள் பிரதர் சுவரில் இருந்த என் வீட்டுக்காரர் போட்டோவைக் காட்டி, இவர் கர்த்தரை அறியாமலே போய்விட்டார், இப்போது அக்கினியில் வேதனைப்படுகிறார், நீங்களாவது தப்பிக்க வேண்டாமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அங்கன இருந்தா நானும் அங்கனதான் போவேன், நீங்க எந்திரிங்க என்றேன். பூமாரி தலையைக் குனிந்துகொண்டே போனாள்.

அதோடு முடியவில்லை. அடுத்த தெரு கர்ணன் நாலு பேரோடு வந்தான். என் வீட்டுக்காரர் பாடையைச் சுமந்தவர்களில் அவனும் ஒருவன், அதனால் மரியாதையாகத்தான் பேசினேன். போலீசுக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவுக பணம் தாரோம்னு சொல்லி உங்கள மதம் மாறச் சொன்னாக அத்தை, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க என்றான். அப்படி யாரும் சொல்லலையேப்பா என்றேன். சொன்னதா இருக்கட்டுமே என்றான். நடக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, அப்ப நீங்க அந்தப் பக்கம்தான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறு செவ்வாய் கர்ணன் ஆட்கள் பஸ் ஸ்டாப்பில் பூமாரியை மறித்துவிட்டார்கள். பையைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினார்கள். இழுபறியில் அவள் விழுந்து முழங்கை சிராய்த்து ரத்தம். பிரதரைக் காணோம். நான் பால் வாங்கப் போனவள், போய்த் தூக்கினேன். புத்தகங்களைப் பொறுக்கிக் கொடுத்து, குழாயடியில் கையைக் கழுவிவிட்டேன். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது பூமாரி என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? பாத்தீங்களாம்மா, கர்த்தர் உங்க மனசைத் தொட்டுட்டாரு, இந்த ஞாயிறே வந்திருங்க என்றாள். முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் ரத்தத்தை நான் கழுவினேன், ஜான்சி, அதைச் செய்தது நான்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது இரண்டு பேரும் வருவதில்லை. கோவிலில் கூழ் ஊற்றியபோது எல்லா வீட்டுக்கும் சொன்னார்கள், எனக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஜோதிலட்சுமி கோலம் போடும்போது என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறாள். போன செவ்வாய் பதினோரு மணிக்கு என்னை அறியாமல் மூன்று பேருக்குப் பால் வைத்திருந்தேன். பூமாரி கதவைத் தட்டியிருந்தால் திறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நாம் இருபத்தாறு வருஷம் ஒரே ஆபீஸில் பக்கத்து மேசை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன்னால் நீ கண்ணை மூடுவாய், நான் காத்திருப்பேன். நீயும் மூடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் உனக்குத் திருநீறு நீட்டியதில்லை. அப்போது அது ஒரு பெரிய காரியமாகவே தெரியவில்லை.

உன் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கட்டும். மழையில் வெளியே போகாதே, வழுக்கிவிடும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ சின்ன வயதில் இருந்து அந்தப் புத்தகத்தை வாசிக்கிறவள். அவரையும் உனக்குத் தெரியும். உன் அம்மா இறந்த அன்று தேனி வீட்டில் தண்ணீர் ஏறாமல் மோட்டார் நின்றபோது, கூப்பிடாமலே வந்து கிணற்றில் இறங்கினாரே, அந்த மனுஷன். அந்த பிரதர் சொன்ன இடத்திலா அவர் இருக்கிறார்? நான் நம்பவில்லை. ஆனாலும் அடுப்பைப் பற்ற வைக்கும்போது சில நாள் கை அப்படியே நின்றுவிடுகிறது. இல்லை என்று ஒரு வரி எழுது, ஜான்சி. உனக்குத் தெரியாவிட்டாலும் இல்லை என்றே எழுது.

தபாலை எதிர்பார்த்திருக்கும்,
ராஜமணி