நல்லா இருக்கேன் என்று நீ சொன்னது

என் உசுரான தங்கச்சி தனபாக்கியத்துக்கு,

அன்றைக்கு உன் வூட்டில் நீ இருந்தாய், நான் இருந்தேன், உன் மகள் மல்லிகா இருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கண்ணாடி போட்ட வாத்தியார், அவரிடம் படித்துக்கொண்டிருந்த உன் பக்கத்து வூட்டு குணசேகரன். ஆறாவது ஆள் கிடையாது. யார் கேட்டாலும் சத்தியம் பண்ணுவேன்.

பீங்கான் வேலைக்காரர்களின் உடம்பைப் பற்றி ஆராய்ச்சி என்றார்கள். நாம் அதை வைத்தியம் என்று நினைத்துக்கொண்டோம். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையை நீ கட்டிக்கொண்டாய். சூளையில் கழித்துப்போட்ட, காது கோணின கோப்பையில் டீ கொடுத்தாய். வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன வெள்ளை என்று மெச்சினார். அந்த வெள்ளைக்காகப் பதினோரு வருசம் நீ கல்மாவு சலித்த தூசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குணசேகரன் தாளைப் பார்த்துக் கேட்டான்: "உடம்பு எப்படி இருக்குது அத்தை?"

வூட்டுக்கு வந்தவனிடம் வேறென்ன சொல்வது? "நல்லா இருக்கேன் ராசா, நீ நல்லா இருக்கியா, அம்மா நல்லா இருக்காங்களா?" முடிப்பதற்குள் உனக்கு இருமல் வந்துவிட்டது. நீ இருமி ஓயும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி மரியாதையாகக் காத்திருந்தான். பிறகு எழுதினான். பக்கத்திலிருந்த நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? மல்லிகாவைப் பெண் பார்க்க வருகிற நேரத்தில் காசநோய் என்று பேர் வந்துவிடும் என்றா?

இரண்டு மழைக்காலம் கழித்து நீ போய்விட்டாய். தூசிக்கு ஏதாவது வழி பண்ணுங்கள் என்று முதலாளியிடம் போய் நின்றேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். "இங்க யாருக்கும் சீக்கில்லைன்னு பல்கலைக்கழகமே பாத்து எழுதியிருக்குது. அவங்களவிட உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். தெரிந்து என்ன? அச்சில் இல்லையே.

பஸ் ஏறி அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போனேன். குணசேகரன் இப்போது அங்கே வாத்தியார். நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

"நீங்க சொன்னதைத்தான் எழுதினேன் பெரியத்தை. சொல்லாததை எழுதினா அது ஆராய்ச்சி இல்லைங்க."

"அவ இருமினாளே, அது உன் காதுல விழலியாடா?"

"இருமலுக்குன்னு எங்க தாள்ல கேள்வி இல்லைங்க."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன் இடத்தில் இப்போது மல்லிகா சலிக்கிறாள், தனம். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. போன மாதத்திலிருந்து அவளுக்கும் இருமல். வேலைக்குப் போகாதே என்றால், "போகலைன்னா எதைத் திங்கிறது பெரியம்மா?" என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். இனி யார் வந்து அவளை நலம் விசாரித்தாலும், அவள் வாயைத் திறக்குமுன் "அவ நல்லா இல்லை" என்று நான் சொல்லிவிடுவேன். மரியாதை தெரியாதவள் என்று ஏசட்டும். விசாரிக்கத்தான் யாரும் வரவில்லை.

முதலாளி வெளியூர்க்காரர், அவரை என்றைக்காவது ஒருநாள் மன்னித்துவிடுவேன். கண்ணாடி போட்ட வாத்தியாருக்கு நம்மைத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உன் இருமலைக் கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவன் ஒருவன் இருக்கிறான். அவனை மன்னிக்க மாட்டேன். குணசேகரனை.

உன் கூடப்பிறந்த அக்கா,
பூங்காவனம்