பெருமாள் கோயிலுக்குப் போன சனிக்கிழமைகள்

அப்பா,

தொடை இரண்டிலும் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மில் விட்டு வந்ததும் முழங்காலுக்குத் தேய்ப்பீர்களே, அதே தைலம். வீடு முழுக்க உங்கள் வாடை. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. உங்கள் மேல் இருக்கிற கோபத்தை வேறு யாரிடம் கொட்ட? உங்களிடமே கொட்டுகிறேன்.

இன்று காலை சைக்கிள் ஓட்டினேன். நாற்பத்தாறு வயதில், ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பி வந்தேன். ஏழைகளின் இதய ஆபரேஷனுக்கு நிதி சேர்க்கிற பயணம். இறந்தவர்களுக்காக ஓட்டுகிறவர்கள் அவர்கள் படத்தைச் சட்டை முதுகில் ஊக்கால் குத்திக்கொள்ளலாம் என்றார்கள். உங்கள் படத்தைக் குத்திக்கொண்டேன். நல்ல காரியம் என்று பக்கத்து வீட்டில் மெச்சினார்கள். நான் போனது உங்களிடம் மன்னிப்புக் கேட்க.

உங்கள் சைக்கிளைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினவள் நான்தானே. முப்பது வருஷம் நம் ஊர் மம்சாபுரத்தில் இருந்து மில் ஷிப்டுக்கு மிதித்த மனிதர் நீங்கள். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மெதுவாக ஓட்டலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். என் காதில்தான் ஏறவில்லை. ஒரே ஒருமுறை, "செத்த நேரம் தெருமுனை வரைக்கும் போயிட்டு வாரேன் தாயி" என்றீர்கள். "ரோட்டுல விழுந்து கெடந்தா நான்லா தூக்கணும்" என்று கத்தினேன். அதன்பிறகு நீங்கள் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் பக்தி வந்தது. தீபாவளிக்கும் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, அந்த ஊரை ஒட்டி இருக்கிற திருவண்ணாமலை என்கிற குன்றின் மேல் பெருமாளைக் கும்பிட்டு வந்தீர்கள். என் கையில் துளசி கொடுப்பீர்கள். சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். படியேறின வேர்வை என்பீர்கள். அப்பா திருந்திவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடித்தேன். ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு புதன்கிழமை, டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். கடைசிக் காலத்தில் அந்தக் காலைக் கட்டிப்போட்ட பாவி நான் என்ற எண்ணம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது என்னை. தூக்கம் போனது.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது பஞ்சர். பக்கத்திலேயே சைக்கிள் கடை வைத்திருக்கும் வயதான பாய் ஒருவர் டயரைக் கழற்றினார். எழுந்தவர் என் முதுகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம சனிக்கிழமை அண்ணாச்சில்லா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே அவர் கடைக்குத்தான் வருவீர்களாம். கடைச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு மலை அடிவாரம் வரைக்கும் மிதித்துவிட்டு, மேலே போய்க் கும்பிட்டு, திரும்பவும் மிதித்தே வருவீர்களாம். "எம் மககிட்ட மட்டும் சொல்லிராதீக பாய், திட்டுவா" என்று சிரிப்பீர்களாம். கொஞ்ச நாளாக ஆளைக் காணோமே, வேறு ஊருக்குப் போயிருப்பாக என்று நினைத்தாராம். முதுகில் படம் எதற்கென்று புரிந்து, தவறினது எப்போது என்று மெல்லக் கேட்டார். சொன்னேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிரித்துவிட்டேன் அப்பா. நடுரோட்டில் நின்று, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். கூட ஓட்டி வந்தவர்கள் மயக்கமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுப் போனார்கள். திரும்புகிற வழியில் பெடல் அம்புட்டு லேசாக இருந்தது. நான் கட்டிப்போடவில்லை. கட்டிப்போட முடிகிற ஆளா நீங்கள்!

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றது உறைத்தது. ஒன்றரை வருஷம். ஒரு சனிக்கிழமைகூட என்னிடம் சொல்லத் தோன்றவில்லை உங்களுக்கு. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சரி. தட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மலை வரைக்கும் பின்னாலேயே வந்திருப்பேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு? கத்துவேன் என்பதை நம்பினீர்கள், கூட வருவேன் என்பதை நம்பவில்லை. முன்பின் தெரியாத அந்த மனிதரை நம்பினீர்கள். நீங்கள் சீட்டில் ஏறிக் கிளம்புகிறதை வாரா வாரம் பார்க்க அவருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

உங்களை நிறுத்திவிட்டேன் என்று நினைத்து இன்று அத்தனை தூரம் மிதித்தேன். அது வீண். பெற்ற மகளுக்குப் பயந்து ஒளிக்கிற மாதிரி உங்களை வைத்திருந்தேனே, அதற்கு எம்புட்டு தூரம் மிதிக்க வேண்டும் அப்பா?