குரல் வைக்க ஒரு டிஸ்க்

பிப்ரவரி 6, வியாழன்

லேப்டாப்பில் இடம் இல்லையாம். இரண்டு வாக்கியம் பதிவானது, மூன்றாவதில் நின்றுவிட்டது. இவர் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, "பாத்தியா, என் பேச்சை அதாலயே தாங்க முடியல" என்றார். குரல் கரகரத்தது. நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

எழுதினால்தான் எனக்கே விளங்கும். இவருக்குக் குரல்வளையில் புற்றுநோய். மார்ச் பத்தாம் தேதி அறுவை. குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். உயிர் தங்கும், குரல் போகும். முகவரிக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார் டாக்டர். கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற ஆள் இவர். தொண்டைதான் இவருடைய பிழைப்பு.

ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சியாளர் பெண் வாக்கியங்கள் எழுதிய ஒரு காகிதக் கட்டு கொடுத்திருக்கிறாள். "இதையெல்லாம் அவரைப் படிக்கச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. போன்ல வேணாம், நல்ல மைக்குல, பெரிய ஃபைலா. பழைய வீடியோ இருந்தா அதையும் சேர்த்து ஒரே ஹார்டு டிஸ்க்குல போட்டுக் கொண்டாங்க. பின்னாடி அவர் டைப் பண்ணினா அவர் குரல்லயே பேசற மாதிரி செஞ்சு பாக்கலாம்."

"கண்டிப்பா வருமா?"

"செஞ்சு பாக்கலாம்."

லேப்டாப்பில் எதையாவது அழித்து இடம் பண்ணலாம்தான். எதை அழிப்பது? மகள் படித்த காலத்துப் படங்கள், என் அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். வேண்டாம். ஒரு டிஸ்க் வாங்கினால் தீர்ந்தது. இதென்ன பெரிய காரியம்?

பிப்ரவரி 8, சனி

பெரிய காரியம்தான்.

கடையில் ஒரு சுவர் நிறைய டிஸ்க். விற்பனையாளர் கேட்டார்: "என்ன உபயோகத்துக்கு மேடம்?" "போட்டோ" என்றேன்.

"ஒரு டிபி போதும். இல்ல, ரெண்டு டிபி எடுத்துடுங்க, சேஃப்டி."

டெராபைட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்; டிபி என்றால் எனக்கு இன்னும் காசநோய்தான் ஞாபகம் வருகிறது. பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் "டிபி இருந்ததா?" என்று கேட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "இருக்கிறது பத்தாதுன்னு டிபி வேறயா?" என்றார். சிரித்த வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் நிற்கவில்லை.

இரண்டு சாதி இருக்கிறதாம். ஒன்றில் உள்ளே தட்டு சுற்றும். கீழே விழுந்தால் போச்சு. இன்னொன்று எஸ்.எஸ்.டி. அதில் சுற்றுகிற எதுவும் கிடையாது, விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். "அப்ப அதையே குடுங்க" என்றேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் சும்மா இருக்கக் கூடாதா? "அதைக் கரண்டே குடுக்காம வருஷக்கணக்கா அலமாரில வெச்சா உள்ள இருக்கிறது அழிஞ்சிடும்னு சொல்றாங்க" என்றார்.

அழிஞ்சிடுமா?

வெறும் கையோடு திரும்பினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தம்பிக்குப் போன் செய்தேன். "அக்கா, சுத்தற டிஸ்க்கே வாங்கு. கெட்டுப்போனாலும் மீட்டுத் தர ஆள் இருக்காங்க. எஸ்.எஸ்.டி போனா போனதுதான்." பல் டாக்டரிடம் கேட்டேன். "சுத்தறதா? அதையெல்லாம் இன்னும் யார் வாங்கறாங்க?" ஆளுக்கொரு நியாயம்.

மத்தியானம் நோயாளி இல்லாத நேரமெல்லாம் இணையத்தில் பிறர் எழுதிய கருத்துகளைப் படித்தேன். நல்லதாக எழுதியிருப்பதைக் கண் தாண்டிப் போகிறது. ஒற்றை நட்சத்திரம்தான் கண்ணில் படுகிறது. "வாங்கிய மறுமாதமே டிக் டிக் என்று சத்தம், பிறகு திறக்கவே இல்லை." "என் குழந்தையின் முதல் வருடம் முழுக்க இதில் இருந்தது." அதை எழுதிய தாயை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து பல் வலிக்கிறது என்றார். எனக்கு உடனே புரியவில்லை.

எது நிலைக்கும்? யாராவது ஒருத்தர் உறுதியாச் சொல்லுங்களேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றும் வாங்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

சண்டை. சண்டை என்றால் நான் கத்தினேன், இவரால் முடியவில்லை.

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்து சோபாவில் சாய்ந்திருந்தார். "விடுங்களேன் அந்த வேலையை" என்றேன். "ரெண்டு பேருக்கு டெஸ்ட் பாக்கி இருக்கு. பாதியில விட்டா பாவம்." குரல் காற்றாய் வந்தது. நான் லேப்டாப்பில் இரண்டு டிஸ்க்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ டப்பாவைத் தேடிக்கிட்டே இரு. அது வர்றப்போ உள்ள போட ஒன்னும் இருக்காது."

அதற்குத்தான் கத்தினேன். என்னவெல்லாமோ சொன்னேன். உங்களுக்காகத்தானே நாயா அலையறேன், உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. இவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.

இவர் சொன்னது சரிதான் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து? டிஸ்க்கை வாங்கிவிட்டால் அடுத்த வேலை இவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்பது. அதற்கு என்னிடம் தெம்பு இல்லை. வாங்காதவரை இன்னும் நாள் இருக்கிறது என்று ஒரு எண்ணம்.

பிப்ரவரி 19, புதன்

மூச்சு முட்டுகிறது என்று விடிகாலையில் எழுப்பினார். ஆஸ்பத்திரி. குழாய் விட்டுப் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. மார்ச் பத்து கிடையாது. வருகிற திங்கள்.

"திங்களா? இன்னும் பதிவே பண்ணலையே" என்றேன். டாக்டருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியவில்லை. "கையெழுத்து இங்க போடுங்க" என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

வாங்கிவிட்டேன். எஸ்.எஸ்.டி. ஏன் அது? கடைக்காரர் கைக்கு எட்டியது அதுதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கையில் கனமே இல்லை.

வீட்டுக்கு வந்து செருகப் போனால் வயரின் முனை எங்கள் லேப்டாப்பில் நுழையவில்லை. இது புது மாதிரி முனை, அது பழைய துளை. மறுபடி ஓடினேன். கடை மூடியிருந்தது. இரும்புக் கதவுக்கு முன்னால், நடைபாதையில், ஒரு சின்னக் குழந்தை மாதிரி நின்றேன்.

பிப்ரவரி 22, சனி

வேறு வயர் கிடைத்தது. செருகியதும் திரையில் தெரிந்தது. அதைப் பார்த்து ஏன் அழுதேன் என்று தெரியவில்லை.

உட்கார்ந்தோம். இவர் சட்டை மாற்றிக்கொண்டார். "போட்டோவா எடுக்கறாங்க?" என்று நான் கேட்டதற்கு, "ஒரு மரியாதைக்கு" என்றார்.

"இன்று வானம் தெளிவாக இருக்கிறது." "தயவுசெய்து ஜன்னலைத் திறக்கவும்." வாக்கியங்கள் எல்லாம் இந்த மாதிரி. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். நாலைந்து தாண்டியதும் குரல் உடைந்தது. வெந்நீர் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம். பிறகு வெறும் உதடு மட்டும் அசைந்தது. இருந்தும் பக்கத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டே இருந்தார். திரையில் குரலைக் காட்டுகிற பச்சைக்கோடு தரையோடு தரையாக ஓடியது.

நானே நிறுத்தினேன். "போதுங்க."

ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன். "அந்த வாக்கியம் எழுதினவனுக்கு ஜன்னலைத் தவிர வேற கவலையே இல்ல போல."

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்முன் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மகள் ஊரிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நல்லபடி முடிந்ததாம்.

மார்ச் 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியே மூச்சு. எழுதிக் காட்ட ஒரு சிலேட்டுப் பலகை. "உப்பு இல்லை" என்று எழுதுகிறார். பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் கோபம் என்று அர்த்தம்.

டிஸ்க்கைப் பயிற்சியாளரிடம் கொண்டுபோனேன். காதில் மாட்டிக் கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது எனக்கு. "குரல் ரொம்பக் கெட்டுப்போன பிறகு எடுத்திருக்கீங்க. பழைய வீடியோ?"

பழைய போன்களில், கேமராவில் கிடந்ததையெல்லாம் திரட்டி அதே டிஸ்க்கில் போட்டிருந்தேன். திறந்து காட்டினேன். ஒன்றில்கூட இவர் முகம் இல்லை. எல்லாம் இவர் எடுத்தவை. கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டளை மட்டும் வருகிறது. "கொஞ்சம் இடது பக்கம் தள்ளு." "இன்னும், இன்னும்… போதும் நில்லு!" "உங்கம்மாவை மறைக்காதே!" அதன்மேல் காற்று, கடல், யார் யாரோ சிரிக்கிற சத்தம்.

பயிற்சியாளர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "சத்தத்தைப் பிரிக்கிறது கஷ்டம்மா. மன்னிச்சுக்கோங்க. அவர் குரல்ல செய்ய முடியாது. மெஷின்ல பொதுவா ஒரு ஆண் குரல் இருக்கு, அதை வெச்சுக்கலாம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். பலகையில் எழுதினார்: "அந்த ஆளோடு நீ குடும்பம் நடத்துவாயா?" ஆச்சரியக்குறி இல்லை.

நான் இன்னும் ஒரு வாரம் முன்னால் வாங்கியிருந்தால்? எந்த டிஸ்க்காக இருந்தால் என்ன? எதையாவது? இதை யாரிடம் கேட்பது? இவரிடம் கேட்க முடியாது. "பரவாயில்லை" என்றுதான் எழுதுவார்.

ஏப்ரல் 9, புதன்

கழுத்துத் துளைக்குள் ஒரு சின்ன வால்வு பொருத்தினார்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு காற்றைத் தள்ளினால் தொண்டையில் சத்தம் வருமாம். இவருக்குக் காற்றுதான் வருகிறது. தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறார். நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறேன், கேட்காத மாதிரி.

மே 18, ஞாயிறு

மகள் போன் செய்தாள். டிஸ்க்கில் இருக்கிற வீடியோக்களைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள். எப்படி அனுப்புவது என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

விரலைக் கழுத்தில் வைத்தார். மரக்கதவைத் தரையோடு இழுத்ததுபோல ஒரு சத்தம். "என்னம்மா" என்றுதான் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. "யாருங்க பேசறது?" என்றாள் மகள்.

இவர் போனையே பார்த்தார். பிறகு என்னை. நான் பலகையைத் தேடி எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மூச்சை இழுத்து, மறுபடி விரலை வைத்தார்.

"அப்பா."

மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்.