படிவத்தில் ‘பார்க்கலாம்’ இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் வலது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே துறைமுகத்தில் நீயும் நீ ஓட்டும் கிரேனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, இது என் கைதான். ‘உயிரினும் மேலான’, ‘நின் பிரிவால் வாடும்’ என்றெல்லாம் ஏழு வருஷமாக உனக்கு வந்தது அத்தனையும் ஜெராக்ஸ் கடைக்காரரின் சொந்தச் சரக்கு. நான் சொன்னதெல்லாம் மழை பெய்தது, மேல்தளம் ஒழுகவில்லை, நேரத்துக்குச் சாப்பிடு, அவ்வளவுதான். அவரை வைத்து எழுதினால் நான் வாடுவேன், நானே எழுதினால் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மாலை வகுப்பில் எட்டு மாதம் முடிந்துவிட்டது. டீச்சருக்கு உன்னைவிட இரண்டு வயது குறைவு, குறில் நெடில் தப்பினால் பேயாட்டம் ஆடுவாள், அதனால் எங்களுக்குள் அவள் குறில் டீச்சர். நான் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்து இதைப் படிங்கய்யா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் நான் தைத்துப் பசை தடவி அட்டை போட்ட புத்தகம் அது. ஒரு வருஷம் நூறு பிரதிகளைத் தலைகீழாகத் தைத்தேன், ஒரு அதிகாரிகூடக் கண்டுபிடிக்கவில்லை, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, எனக்கு எழுத்துத் தெரியாது, அவர்களுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. இப்போது உட்கார்ந்து படித்தால் பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கை. இந்த மாநிலத்தில் சராசரியாக ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி ஏழு பேராம். அந்தப் புள்ளி ஏழு ஆள் யாராக இருக்கும் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். எல்லா வீட்டுலயும் ஒண்ணுக்கும் உதவாத ஆம்பள ஒருத்தன் இருப்பான்ல, அவனா இருக்கும் என்றாள். ஆயிரம் ஆண்களுக்குத் தொள்ளாயிரத்து எண்பத்தொரு பெண்கள் என்று படித்தேன், ஜோடி கிடைக்காமல் விடுபட்ட பத்தொன்பது ஆண்களில் ஒருவர் நம் சலூன்காரர், அவரிடம் இதைச் சொன்னதும் என் மீசையைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதிப் பதினெட்டுப் பேர் யார் என்று விசாரித்தார். எல்லாவற்றையும் சிரித்துப் படித்தவன் ஒரு வரியை உன் அம்மா காதில் விழச் சத்தமாகப் படித்துவிட்டேன், வீட்டு வேலை மட்டும் செய்பவர்கள் உழைக்காதோர் பட்டியலில் வருவார்கள் என்று. அன்றைக்கு டீ கிடையாது. கவர்ன்மெண்டப் போய்க் கேளுங்க, அதுதான் உழைக்குதாமே என்றாள்.

போன மாதம் கணக்கெடுப்பு வந்தது. நம் தெருவுக்கு வந்தது குறில் டீச்சரேதான். அவளுக்கு அன்றைக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி, படிவத்தை என் கையில் கொடுத்து, என் மாணவர் நீங்க, நீங்களே நிரப்பி வைங்கய்யா, சாயங்காலம் வாங்கிக்கிறேன் என்று போய்விட்டாள். பேனாவை எடுத்தேன். வீட்டில் வசிப்போர் என்ற இடத்தில் என் பெயர், அம்மா பெயர், உன் பெயர், மூன்றையும் எழுதினேன். உன் பெயர்தான் மூன்றிலும் அழகாக வந்தது. அடுத்து ஒரு ஒடுக்கமான கட்டம். மேல் வரியில் ‘குடி’ என்று இருந்தது, கீழ் வரியில் ‘பெயர்’ என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் படிக்கத் தேவை இல்லை என்று நினைத்துவிட்டேன். குடிக்கிறவன் பெயரைக் கேட்கிறார்கள், மறைக்க என்ன இருக்கிறது, என் பெயரை எழுதினேன். எவ்வளவு காலமாக என்று கேட்டிருந்தது, கல்யாணம் ஆனதிலிருந்து என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் சனிக்கிழமை என்று எழுதினேன். திரும்பி வரும் உத்தேசம் உண்டா என்று கேட்டிருந்தது, எவ்வளவு அக்கறை பார் என்று நெகிழ்ந்துபோய், வருவேன், மெதுவாக வருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவளும் பார்க்காமலே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் முகம் சிவந்து வந்தாள். என் மானத்தையே வாங்கிட்டீங்களேய்யா, அது குடி பெயர் இல்ல, குடிபெயர்ந்தோர், ஊரைவிட்டுப் போனவங்க, ஆபீஸ்ல அத்தனை பேரும் சுத்தி நின்னு படிச்சுச் சிரிக்கிறாங்க என்றாள். ஆக இந்த மாநிலக் கணக்குப்படி கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வெளியூரில் இருக்கிறேன், நீ வீட்டில் இருக்கிறாய். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே விட்டுடும்மா, ரெண்டுமே எனக்குச் சம்மதம் என்றாள். டீச்சரும் சிரித்துவிட்டுத் திருத்தப் படிவத்தை எடுத்தாள். என் பெயரை உள்ளே கொண்டுவந்தாள். பிறகு உன் பெயருக்கு வந்தாள். மூன்று கட்டம் இருக்கிறது. இங்கே வசிப்பவர், வெளியே சென்று திரும்பும் உத்தேசம் உள்ளவர், நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர். முதல் கட்டம் கிடையாதுன்னு தெரியும், மத்த ரெண்டுல எதுங்கய்யா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, வருவா என்றாள். டீச்சர் இரண்டாவது கட்டத்தில் பேனாவை வைக்கப் போனாள். அம்மாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரும்மா, நானாச் சொல்லிடக் கூடாது, அவளக் கேட்டுக்கலாம் என்றாள். அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாடி, போனில் கேட்டால் நீ பார்க்கலாம்பா என்பாய். ஏழு வருஷமாகப் பார்க்கலாம்பா. மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டேன், படிவத்தில் பார்க்கலாம் என்று ஒரு கட்டம் இல்லை. போன மாதம் ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை வாங்கினேன் என்று போட்டோ அனுப்பினாயே, அதை அம்மா இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள், திரும்பி வரப்போற ஒத்த ஆளு இவ்வளவு பெரிய மேசையா வாங்கும் என்று என்னைக் கேட்டாள். நான் புள்ளி ஏழு ஆள், எனக்கு என்ன தெரியும். ஜன்னலோரம் உன் கட்டிலை இன்னும் அப்படியே போட்டு வைத்திருக்கிறாள், எழுத வெளிச்சமான இடம் வேண்டும் என்று நான் கேட்டதற்கு அதன்மேல் ஒரு துண்டைக்கூடப் போடவிடவில்லை. நீ வந்தால் அம்மாவுக்கு நீ கிடைப்பாய், வராவிட்டால் எனக்கு ஜன்னல் கிடைக்கும், ஆகவே இந்த வீட்டில் யாராவது ஒருவருக்கு லாபம்தான், எங்களை நினைத்து எதையும் மாற்றிக் குறிக்காதே. இரண்டில் எது உண்மையோ அதைத் தாங்கிக்கொள்வோம். தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு முழங்காலைவிட வலிக்கிறது.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதிக்குள் டீச்சர் கையில் சேர வேண்டும். உயரத்தில் வேலை செய்யும்போது போன் பேசாதே, காற்று பலமாக இருந்தால் மேலதிகாரி முறைத்தாலும் இறங்கிவிடு. எங்கே இருந்தாலும் நோயில்லாமல், மனசு நிறைந்து, நூறு வயசு இரு. அம்மா பக்கத்தில் நின்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள். எந்தக் கட்டத்தில் டிக் போட்டாலும் பேனாவால் போட வேண்டுமாம், பென்சில் வேண்டாமாம்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா